துல்லியமானது, ஆனால் துல்லியமானது அல்ல

போன மாதம் ஓர் அளவுக் கருவியின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். 48 பக்கம். பெரும்பாலும் "பேட்டரியைக் கழற்றவும்", "ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்" வகையறா, தூக்கக் கலக்கத்தில்கூடச் செய்துவிடலாம். 17ஆம் பக்கத்தில் ஒரு வரி மாட்டியது. நாளாக நாளாக இந்தக் கருவி 'பிரிசைஸ்' ஆக இருந்துகொண்டே 'அக்யுரேட்' ஆக இல்லாமல் போகலாம், அதனால் ஆண்டுக்கு ஒரு முறை கேலிபரேஷன் (சரியான அளவோடு ஒப்பிட்டுச் சீராக்குவது) செய்துவிடுங்கள் என்று. எனக்கு வேலை தரும் நிறுவனம் கொடுத்திருந்த சொற்பட்டியலைத் திறந்தால் பிரிசைஸுக்கும் துல்லியம், அக்யுரேட்டுக்கும் துல்லியம். கை பழக்கத்தில் இப்படித் தட்டிவிட்டது: "இக்கருவி துல்லியமாக இருந்துகொண்டே துல்லியமாக இல்லாமல் போகலாம்."

படித்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன், அப்புறம் எரிச்சலாக வந்தது, ஏனென்றால் இந்த இரண்டு வார்த்தைக்கும் என்ன வித்தியாசம் என்று அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் இல்லை நான். மொழிபெயர்ப்புக்கு வருமுன் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் செக்கிங்கில் 6 வருஷம் இருந்தவன். அங்கே இந்த வித்தியாசத்துக்கு நான் கொடுத்த விலை 400 ஷாஃப்ட், அதாவது உருளைத் தண்டு.

25 மில்லிமீட்டர் ஷாஃப்ட், 0.05 கூடலாம், 0.05 குறையலாம். என் கையில் வெர்னியர், பொருளை இரண்டு தாடைக்கு நடுவில் பிடித்து அளக்கிற கருவி, 0.02 வரைக்கும் படிக்கலாம். ஒவ்வொரு ஷாஃப்டையும் இரண்டு மூன்று இடத்தில் பிடித்துப் பார்த்தேன், 25.02, 25.02, மறுபடியும் 25.02. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமிதத்தைச் சொல்லி மாளாது, மெஷின் ஓட்டிய அண்ணனிடம் போய் "அண்ணா, அச்சுல வார்த்த மாதிரி வந்திருக்கு" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். லாட் போனது, நாலாம் நாள் திரும்பி வந்தது. எல்லாமே 24.92. என் வெர்னியரை முந்தின ஷிஃப்டில் யாரோ கீழே போட்டிருக்கிறார்கள், தாடை லேசாக வளைந்துவிட்டது, இரண்டு தாடையையும் சேர்த்து மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 0.10 காட்டுகிறது. வேலை தொடங்குமுன் மூடிப் பார்த்திருந்தால் 5 விநாடியில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கூடுதலாக இருந்தால் மறுபடி மெஷினில் மாட்டி இழைக்கலாம், குறைந்துபோனதை என்ன செய்வது, இரும்பை ஒட்டவைக்கவா முடியும்? மொத்தமும் ஸ்க்ராப். சூப்பர்வைசர் திட்டவேயில்லை, அதுதான் கொடுமை. வெர்னியரை வாங்கி இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "தம்பி, உம்பட வெர்னியரு பொய் சொன்னாலும் ஒரே பொய்யத்தான் சொல்லுது" என்றார்.

பிரிசைஸ் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. பாடப்புத்தகத்தில் வட்டப்பலகையில் அம்பு குத்தியிருக்கிற படம் போட்டு விளக்குவார்கள், எல்லா அம்பும் ஒரே மூலையில் போய்ச் சொருகியிருந்தால் பிரிசிஷன், நடுவில் விழுந்தால் அக்யுரசி என்று. சரிதான். ஆனால் பலகையில் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று படம் பார்க்கிறவனுக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. பட்டறையில் நிற்பவனுக்குப் பலகையே தெரியாது, அம்புகள் மட்டும்தான் தெரியும். எல்லாம் ஒரே இடத்தில் குத்தியிருப்பதைப் பார்த்து அதுதான் நடு என்று நினைத்துக்கொள்வான்.

சரி, சொல்லுக்கு வருவோம். பிரிசைஸ் என்பது லத்தீன் 'ப்ரைகீதரே'யிலிருந்து வந்தது. 'ப்ரை' முன்னால், 'கைதரே' வெட்டுவது. முனையை வெட்டி எறிந்தது, நறுக்கியது, அவ்வளவுதான். கத்தரிக்கோலைக் குறிக்கும் சிஸர்ஸ் அந்த வெட்டுக் குடும்பம், கன்சைஸ் அதே குடும்பம், டிசைடும் அதே குடும்பம் (முடிவெடுப்பது என்றால் மற்ற வழிகளை வெட்டிவிடுவது, யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது), பெஸ்டிசைடு, சூசைடு என்று கொல்லுகிற பக்கமும் ஒரு கிளை போகிறது. போட்டித் தேர்வு எழுதியவர்களுக்கு இன்னொரு பங்காளியைத் தெரியும்: ப்ரேஸி ரைட்டிங். ஒரு பத்தியைக் கொடுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கு என்பார்களே, அதுவும் இந்தச் சொல்லேதான், பிரெஞ்சு வழியாக வந்ததால் உச்சரிப்பு மாறிவிட்டது. எங்கள் வாத்தியார் அதை 'பிரிசிஸ்' என்றுதான் கடைசிவரை சொன்னார், நாங்களும் அப்படியே சொல்லி அப்படியே எழுதினோம். 300 சொல் பத்தியை 100 சொல்லுக்குக் கொண்டுவர நான் செய்ததெல்லாம் ஒன்று விட்டு ஒரு வாக்கியத்தை அடித்தது. வெட்டினேன் என்ற வகையில் லத்தீன்காரனுக்கு விசுவாசமாகத்தான் இருந்திருக்கிறேன்.

ஆக இந்தச் சொல்லுக்குள் இருப்பது ஒரு கத்தி. கத்தி எவ்வளவு கூர், வெட்டு எவ்வளவு சுத்தம் என்பதுதான் அதன் கவலை. வெட்ட வேண்டிய இடத்தில்தான் வெட்டினாயா என்பது அதன் கவலை இல்லை.

அக்யுரேட்டின் கதை வேறு. அதன் வேர் 'கூரா', அக்கறை, கவனம். மியூசியத்தில் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் க்யூரேட்டருக்குள் இருப்பது அதே கூரா. அக்யுரேட் என்றால் முதலில் 'அக்கறையாகச் செய்தது' என்றுதான் பொருள், பிழை இல்லாதது என்ற பொருள் அதிலிருந்து வளர்ந்தது. என் வெர்னியருக்குக் கத்தி இருந்தது, எனக்குத்தான் கூரா இல்லை.

மூன்றாவது ஒருவர் இருக்கிறார், எக்ஸாக்ட். இதன் லத்தீன் மூலம் 'எக்ஸிகெரே', கறந்து வாங்குவது என்றும் பொருள், எடை போடுவது என்றும் பொருள். வரியை விடாமல் வசூலிப்பதற்கு ஆங்கிலத்தில் இன்றும் எக்ஸாக்ட் என்ற வினைச்சொல் உண்டு. தராசின் முள்ளுக்கு லத்தீனில் 'எக்ஸாமென்', அதுவும் இதே வேர்தான், நாம் எழுதி எழுதித் தேய்ந்த எக்ஸாம் அங்கிருந்து வருகிறது. இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. நம் 'துல்லியம்' எங்கிருந்து வருகிறது? சமஸ்கிருத 'துல்ய', சமமானது, ஒப்பானது. துலா, துலாக்கோல், துலாம் ராசி எல்லாம் அந்த வீடு. இரண்டு தட்டும் சமமாக நிற்கிற நிலை. அப்படியானால் துல்லியம் என்பது வேரில் இருக்கும் தராசால் எக்ஸாக்டுக்குச் சொந்தக்காரன், பொருளளவில் அக்யுரேட்டுக்குப் பக்கத்து வீடு, ஏனென்றால் ஒரு தட்டில் பொருள் இருந்தால் இன்னொரு தட்டில் படிக்கல் இருந்தாக வேண்டும், ஒப்பிட இன்னொன்று இல்லாமல் துல்லியம் கிடையாது. கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிரிசைஸை அந்தத் தராசுக்காரன் வீட்டில் கொண்டுபோய் நாம் குடிவைத்துவிட்டோம்.

தமிழில் கத்தி இல்லாமலா? நிறைய இருக்கிறது. வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. நறுக்குத் தெறித்தாற்போல. நறுக்கென்று நாலு வார்த்தை. எல்லாம் வெட்டுதான், ஆனால் எல்லாம் பேச்சுக்கு மட்டும்தான். "நறுக்கான வெர்னியர்" என்று எழுதினால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். 10 மணி ஷார்ப் என்று நாம் ஆங்கிலத்திலிருந்து வாங்கி "ஷார்ப்பா பத்து மணிக்கு வந்துரு" என்று சொல்கிறோமே, அதுவும் கத்திமுனைதான், சொன்னவரே 10.20க்கு வந்தாலும்.

அளவுக்கு நம்மிடம் உள்ள சொல் இம்மி. "இம்மி பிசகாமல்" என்று சொல்லும்போது அது வெறும் அழகுக்குச் சொல்வது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பழைய கீழ்வாய் இலக்கத்தில், அதாவது பின்னக் கணக்கில், அதற்கு ஓர் எண்ணே உண்டு. முந்திரி 320இல் ஒன்று, இம்மி 10,75,200இல் ஒன்று. சும்மா வகுத்துப் பார்த்தேன்: ஒரு மீட்டரில் ஓர் இம்மி என்றால் 0.93 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). இன்றைய பட்டறையில் நல்ல கிரைண்டிங் மெஷினுக்குக்கூட மூச்சு வாங்கும் அளவு. கொத்தனார், தச்சர் பக்கம் போனால் நூல் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒன்று, "ஒரு நூல் உள்ள தள்ளு" என்றால் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். மரத்துக்கு நூல் போதும். அங்கே போய் மைக்ரான் பேசுகிறவனைப் பைத்தியம் என்பார்கள், மறுநாள் காற்றில் ஈரம் ஏறினால் பலகையே ஊதிவிடுமே.

ஆங்கிலத்தில் இவற்றை எங்கே எதைப் போடுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பஸ்ஸில் கண்டக்டர் கேட்பது எக்ஸாக்ட் சேஞ்ச், அங்கே மற்ற இரண்டும் வராது, ஏனென்றால் 23 ரூபாய் என்றால் 23தான், முன்னே பின்னே என்ற பேச்சே இல்லை. ஒரு செய்தி உண்மையா என்று பார்ப்பது அக்யுரேட். எவ்வளவு விவரமாக, எவ்வளவு கறாராக வரையறுத்திருக்கிறாய் என்பது பிரிசைஸ். "காலையில் வந்தார்" என்பது உண்மையாக இருந்தால் அக்யுரேட், ஆனால் பிரிசைஸ் இல்லை. "9.47க்கு வந்தார்" என்பது பிரிசைஸ், ஆள் உண்மையில் சாயங்காலம்தான் வந்திருந்தாலும் அந்த வாக்கியத்தின் பிரிசிஷன் குறையாது. பொய்க்கு வக்காலத்து வாங்க மிகவும் தோதான சொல் இது, விவரம் கூடக் கூட நம்புகிறோம்.

இன்னொரு பிடி இருக்கிறது, மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி வழுக்குகிற இடம். 'பிரிசைஸ்லி' என்று வாக்கியத்தின் நடுவில் வருமே, அங்கே அளவும் கிடையாது, கத்தியும் கிடையாது, வெறும் அழுத்தம். "பிரிசைஸ்லி பிகாஸ்" என்று வந்தால் "துல்லியமாக ஏனெனில்" என்று போடுகிறது மெஷின் மொழிபெயர்ப்பு, சில நேரம் மனிதர்களும். நமக்கு அந்த வேலையைச் செய்ய ஒற்றை எழுத்து இருக்கிறது. "அவன் ஏழை என்பதாலேயே", அந்த ஏகாரம் போதும். "இதற்காகத்தான் வந்தேன்", அந்தத் 'தான்' போதும். ஒருவர் சொன்னதை ஒத்துக்கொண்டு "பிரிசைஸ்லி!" என்றால் நாம் "அதைத்தானே நானும் சொல்றேன்" என்போம். ஆங்கிலக்காரன் மூன்று அசையில் கத்தியைத் தூக்குகிற இடத்தில் நாம் ஒரு வாலை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறோம். இந்த விஷயத்தில் மட்டும் எனக்குத் தமிழைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

மனிதர்களைக் குறித்தும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதுவும் திட்டுவதற்கு. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் மத ஒழுக்கத்தில் ரொம்பக் கெடுபிடியாக இருந்த பியூரிட்டன்களை 'ப்ரிசிஷியன்' என்று கேலி செய்தார்கள். எஸ்ஸெக்ஸ் பக்கம் ரிச்சர்ட் ரோஜர்ஸ் என்று ஒரு போதகர். "உங்களை எனக்குப் பிடிக்கும், ஆனால் இவ்வளவு பிரிசைஸாக இருக்கிறீர்களே" என்று ஒரு கனவான் அவரிடம் அலுத்துக்கொண்டாராம். அதற்கு அவர், நான் வணங்கும் கடவுளும் பிரிசைஸ்தான் என்றாராம். இங்கே நான் கண்ணை மூடிக்கொண்டு 'கறார்' என்று போடுவேன். கறார் விலை, கறார் பேர்வழி, அந்தத் தொனி அப்படியே உட்காருகிறது.

எண்ணில் தசமம் இருந்தால் நாம் மயங்கிவிடுவது பற்றிச் சொல்ல வேண்டும். உடம்புச் சூடு 98.6 இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த .6 எங்கிருந்து வந்தது? கார்ல் வுண்டர்லிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1868இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் சராசரி 37 டிகிரி செல்சியஸ் என்றார். 37 என்றால் ஏதோ சுமாரான முழு எண் என்று நமக்கே தோன்றும். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் கணக்கு 98.6 என்று வந்து விழுகிறது, உடனே அந்த ஒரு தசம இடம் அதற்கு ஒரு டாக்டர் கோட்டை மாட்டிவிடுகிறது. 1992இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது சராசரி 98.2 என்று வந்தது. கொரோனா சமயத்தில் ஒரு கட்டடத்தின் வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டுவார்கள், எனக்கும் 94.1, எனக்குப் பின்னால் வந்த பெரியவருக்கும் 94.1, அவருடைய பேத்திக்கும் 94.1. செக்யூரிட்டி அண்ணன் மூன்றையும் சிரத்தையாக நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரே பொய்.

இதற்கு நேர் எதிராக ஒரு கதை. 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்க்கோடு) அளந்தார், 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து. அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளக்கிற திட்டம். அவரிடம் இருந்த தியோடலைட், கோணம் அளக்கிற கருவி, அரை டன் எடை. 1808இல் தஞ்சாவூரில் அதைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி, கோணம் பார்க்கிற வட்டம் வளைந்துவிட்டது. என் வெர்னியர் தாடையைப் போலத்தான், ஆனால் மனுஷன் நான் இல்லையே. ஆறு வாரம் உட்கார்ந்து வளைந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினார். அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய சந்தேகம். நூறு மைலுக்கு மேல் முக்கோணம் போட்டுக்கொண்டு போன பிறகு, பெங்களூர் பக்கம் இன்னோர் அடிக்கோட்டைத் தரையில் சங்கிலி போட்டே தனியாக அளப்பது, கணக்கில் வந்த நீளத்தையும் சங்கிலி சொன்ன நீளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வித்தியாசம் சில அங்குலமே. இன்னொரு தட்டில் படிக்கல்லை வைப்பது என்றால் இதுதான்.

அதே அளவைப் பணிதான் பிற்பாடு எவரெஸ்டையும் அளந்தது. 1856இல் அதன் தலைவர் ஆண்ட்ரூ வா அறிவித்த உயரம் 29,002 அடி. கணக்கில் வந்தது மிகச்சரியாக 29,000 என்றும், அப்படியே சொன்னால் குத்துமதிப்பாகச் சொன்ன எண் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்று 2 அடியைச் சேர்த்தார் என்றும் ஒரு கதை ரொம்ப நாளாகச் சொல்லப்படுகிறது. எவரெஸ்ட் தலையில் முதலில் இரண்டு 'அடி' வைத்தவர் வாதான் என்று அதை வைத்து ஜோக்கும் உண்டு, தமிழிலும் அது அப்படியே வேலை செய்வதுதான் விசேஷம். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதன்படி பழைய கணக்கு ஏறக்குறைய 9 மீட்டர் குறைச்சல். அந்தக் காலத்துக்கு அது பிரமாதமான அளவுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த 2 அடிதான் உறுத்துகிறது.

நம் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள், "காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்". கீழ் எல்லை, மேல் எல்லை, நடுவில் எங்கே தாலி கட்டினாலும் பாஸ். பட்டறைக்காரன் டாலரன்ஸ் என்று படத்தில் குறிப்பது அச்சுப் பிசகாமல் இதுதான். 9.45 என்று ஒற்றை நேரம் போட்டிருந்தால் பார்க்க பிரிசைஸாக இருந்திருக்கும், ஒரு கல்யாணமும் அந்த நேரத்தில் நடந்திருக்காது.

சரி, 17ஆம் பக்கம். முதலில் பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூல் வழியில் போய்ப் பார்த்தேன், அங்கே அக்யுரசி துல்லியத்தன்மை, பிரிசிஷன் நுட்பம். வகுப்பறைக்குச் சரி. "இக்கருவி நுட்பமானது" என்று கையேட்டில் எழுதினால், ஏதோ சிக்கலான கருவி, நம்மால் ஆகாது என்று ஆபரேட்டர் தொடாமல் போய்விடுவார். கடைசியில் இரண்டு சொல்லையும் தூக்கிப் போட்டுவிட்டு இப்படி எழுதினேன்: "எத்தனை முறை அளந்தாலும் இக்கருவி ஒரே அளவைக் காட்டலாம், அந்த அளவே தவறாகவும் இருக்கலாம்." எழுதியதும் சூப்பர்வைசர் நினைவுக்கு வந்தார், அவர் சொன்னது இன்னும் சுருக்கம், ஆனால் கையேட்டில் பொய் என்று போட முடியாதே.

அனுப்பினேன். இரண்டு நாளில் சரிபார்ப்பவரிடமிருந்து கோப்பு திரும்பி வந்தது. 17ஆம் பக்கத்தில் சிவப்பு. சொற்பட்டியலைப் பின்பற்றவில்லை என்று ஒரு குறிப்பு, என் வரி அடிக்கப்பட்டு அதன் இடத்தில்: "இக்கருவி துல்லியமாக இருப்பினும் மிகத் துல்லியமாக இல்லாமல் போகலாம்."

அந்த 'மிக'வை அவராகவேதான் சேர்த்திருக்கிறார்.